பால்கனிக்கு வரும் அந்துப்பூச்சிகள்: விளக்குக்குச் செலவழிக்கலாமா, கேமராவுக்கா?

அந்துப்பூச்சிகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸைப் பற்றித்தான். "நூறு எம்.எம். மேக்ரோ வாங்கிடலாமா, போனே போதுமா?" பூச்சி எங்கிருந்து வரும், எதற்காக உங்கள் வீட்டுச் சுவரில் வந்து உட்காரும் என்ற கேள்வி அப்புறம்தான் வரும். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைக்கிறவர்கள் அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது.

இங்கே நமக்குத் தேவைப்படுவது இரண்டு வெளிச்சங்கள். ஒன்று பூச்சியை வரவழைக்க, இன்னொன்று வந்த பூச்சியின் நிறத்தையும் கோலத்தையும் படத்தில் காட்ட. முதல் வேலைக்குச் சிறந்த விளக்கு இரண்டாவது வேலைக்குப் படுமோசம். இரண்டையும் ஒரே விளக்கில் முடித்துவிடப் பார்ப்பதால்தான் பூச்சி எது, சுவர் எது என்று தெரியாமல் எல்லாமே ஊதாவாக வந்து நிற்கிறது. எவ்வளவு விலையுள்ள கேமராவும் அதைக் காப்பாற்றாது. அதனால் விளக்கு, இடம், காலம், கேமரா என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், ஏன் வருகின்றன?

நிலவென்று நினைத்து ஏமாந்து வருகின்றன என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். 2024 ஜனவரியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு வேறு காரணம் சொல்கிறது. விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் பிடித்துப் பார்த்தபோது, அவை விளக்கை நோக்கி நேராகப் பறக்கவே இல்லை. முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் பறந்தன. இயற்கையில் இரவானாலும் வானம்தான் தரையைவிட வெளிச்சம், அதனால் முதுகை அந்தப் பக்கம் வைத்தால் மேல் எது, கீழ் எது என்பது பூச்சிக்குக் குழம்பாது. பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் உடம்பு அந்தப் பக்கம் சாய்கிறது, பாதை வளைகிறது, சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. விளக்குக்கு மேலே போய்விட்டால் தலைகீழாகப் புரண்டு பொத்தென்று விழுகிறது.

இந்தப் பழக்கம் தென்படாத விதிவிலக்குகளில் ஒன்று அரளி ஹாக்மாத் என்ற பருமனான அந்து, அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரீ. பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து, ராணுவ உடை மாதிரி இருக்குமே, அதுதான். சென்னை வீடுகளின் அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளருகிற பூச்சி இது. ஆக, நம் தெருவிலேயே மிக அழகான ஒன்றை விளக்கை மட்டும் நம்பிப் பார்த்துவிட முடியாது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆய்விலிருந்து நமக்கு உடனே கிடைக்கும் பாடம்: விளக்கைத் தரையில் வைத்து மேல்நோக்கி அடிக்கக் கூடாது. பூச்சிகள் புரண்டு விழுந்து, எறும்புக்கு இரையாகும். தோள் உயரத்தில் விளக்கு, அதற்குப் பின்னால் உட்கார ஒரு பரப்பு, கீழே ஒரு துணி. இந்த அமைப்பு சரியாக இருந்தால் எந்த விளக்கானாலும் பலன் கூடும்.

எந்த விளக்கு?

ஏற்கெனவே மாட்டியிருக்கும் பால்கனி விளக்கிலிருந்தே தொடங்கலாம். இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது வெள்ளை எல்இடி. இது நீல நிற சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசிச் செய்வது, புற ஊதா அநேகமாக இருக்காது. பூச்சிகளின் கண்ணுக்கோ புற ஊதாவும் நீலமும்தான் உறைக்கும். அதனால் வெள்ளை எல்இடிக்குக் கூட்டம் குறைவு, ஆனால் அறவே வராமல் இல்லை. 'கூல் டேலைட்' என்று விற்கும் குளிர் வெள்ளைக்கு ஓரளவு வரும், 'வார்ம்' மஞ்சளுக்கு அதைவிடக் குறைவு. பழைய ட்யூப் லைட், சிஎஃப்எல் இரண்டிலும் பாதரசம் இருப்பதால் கொஞ்சம் புற ஊதா கசியும், எல்இடியைவிட நன்றாகவே வேலை செய்யும். பரணில் பழைய ஃபிட்டிங் கிடந்தால் இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படி 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா எல்இடி. என்னைக் கேட்டால் சென்னை வீட்டுக்கு இதுதான் சரியான விடை. பத்து, இருபது வாட் ஃப்ளட்லைட் ஒன்று ஓரிரு ஆயிரத்தில் கிடைக்கும். பவர் பேங்க்கில் ஓடும் சின்னப் பட்டைகளும் உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. 'யூவி', அதாவது புற ஊதா, என்று எழுதி விற்பதில் பாதிக்கு மேல் 395 நானோமீட்டர் பார்ட்டி லைட்தான். பளிச்சென்று ஊதாவாகத் தெரிவதால் இதுதான் பலமானது என்று தோன்றும். உண்மையில் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்றால் அலைநீளம் கூடுதல் என்று அர்த்தம். நல்ல 365 விளக்கு பார்க்க மங்கலாக, சாம்பல் கலந்த வெளிர் நிறத்தில் இருக்கும், ஆனால் துவைத்த வெள்ளைத் துணியை நீட்டினால் துணி நீலமாக ஜொலிக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கென்றே ஜெர்மனியின் குன்னர் பிரேம் 2017-இல் அறிமுகம் செய்த லெப்பிஎல்இடி என்ற விளக்கு இருக்கிறது. கையடக்கம், பேட்டரியில் ஓடும். அருமையான கருவிதான், ஆனால் பால்கனிக்கு அவ்வளவு தேவையில்லை.

ஓட்டல் சமையலறையிலும் ஸ்வீட் ஸ்டாலிலும் 'டப் டப்' என்று ஈ அடிக்கிற மெஷினில் இருக்கும் நீல ட்யூப் இன்னொரு வழி. அதுவும் ஏறக்குறைய இதே அலைநீளத்தில் எரிவதுதான். ட்யூபை மட்டும் தனியாக வாங்கி, பொருத்தமான ஃபிட்டிங்கில் மாட்டலாம். மெஷினை அப்படியே வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் கழற்றுகிற வேலை வேண்டாம், அதில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஆர்ஓ மெஷின் இருக்கிறது, அதில் பலவற்றுக்குள் கிருமி கொல்லும் யூவி ட்யூப்பும் இருக்கிறது. அது 254 நானோமீட்டர், யூவி-சி. "அதுவும் யூவிதானே" என்று வெளியே எடுத்து எரிய விட்டால் கொஞ்ச நேரத்திலேயே கண்ணும் தோலும் புண்ணாகும். அதன் பக்கமே போகக் கூடாது. 365 விளக்கையும் உற்றுப் பார்க்கக் கூடாது. நேரே கண்ணில் படாதபடி திருப்பி வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

கடைசியாக, பழைய பூச்சியியல்காரர்களின் செல்லப்பிள்ளையான மெர்குரி விளக்கு. 160 வாட் விளக்கில் உள்ளேயே இழை இருப்பதால் தனி சோக் வேண்டாம், சாதாரணமாக ஹோல்டரில் மாட்டிவிடலாம். கூட்டம் என்றால் இதற்கு வரும் கூட்டம்தான் கூட்டம், மறுப்பதற்கில்லை. காட்டோரத்தில் முகாம் போட்டால் நானும் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். வீட்டுக்கு ஏன் வேண்டாம் என்றால், முதலில் எதிர் ஃப்ளாட்காரர். அந்த வெளிச்சம் அவர் படுக்கையறைச் சுவரில் போய் விழும், மறுநாள் அசோசியேஷன் வாட்ஸாப்பில் உங்கள் பெயர் அடிபடும். இரண்டாவது, கண்ணாடி கொதிக்கும். மழைத்துளி பட்டால் வெடிக்கலாம், நமக்கோ நல்ல பூச்சி வருவதே மழையை ஒட்டித்தான். மூன்றாவது, கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் விளக்கு ஆறி மறுபடி எரியச் சில நிமிடங்கள் ஆகும். ஈபி பில் பெரிய விஷயமில்லை. நாலு மணி நேரத்துக்கு 0.64 யூனிட்தான், இருபது வாட் எல்இடி என்றால் 0.08. போதாததற்கு, உயர் அழுத்த மெர்குரி விளக்குகளைக் கைவிட வேண்டிய பொருள்களின் பட்டியலில், பாதரசத்தைக் குறைப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை சேர்த்துவிட்டது. கடைகளில் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

சுவரா, வேட்டியா? பால்கனியா, மொட்டை மாடியா?

வெளிர் நிறச் சுவர் இருந்தால் அதுவே போதும். சொரசொரப்பான சுவரில் பூச்சி நன்றாகப் பற்றி உட்காரும். ஆனால் பல்லிக்கும் அதே சுவர்தான் சாப்பாட்டு மேசை. ட்யூப் லைட் பின்னால் குடியிருக்கும் பல்லி நீங்கள் போனை எடுப்பதற்குள் வேலையை முடித்துவிடும். அதற்காகவே நான் துணிக் கட்சி. நாலு முழ வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடிக்கயிற்றில் சுவரைத் தொடாமல் தொங்கவிட்டால் பல்லி எளிதில் ஏறாது. பருத்தியாக இருக்கட்டும், பாலியெஸ்டரில் பூச்சிக்குக் கால் வழுக்கும். கரை வேட்டியாக இருந்தால் கரையைக் கீழே விடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் படங்களில் ஜரிகை தெரியும். படத்தின் பின்னணிக்கு மட்டும் சுவர்தான் மேல். வெள்ளைத் துணியில் கேமரா ஏமாந்து பூச்சியை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மொட்டை மாடியில் விளக்கு தூரத்துக்குத் தெரியும் என்பது உண்மை, ஆனால் காற்று எல்லாவற்றையும் கெடுக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்று அடங்குகிற வரை துணி பாய்மரமாக ஆடிக்கொண்டே இருக்கும். மரக்கிளை உயரத்தில் இருக்கும் ஒன்றாவது, இரண்டாவது மாடி பால்கனிதான் சிறந்தது. எதிரே வேம்போ, புங்கையோ, நாட்டு வாதுமையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். எந்த ஏரியா என்பதும் பெரிய விஷயம். கிண்டி பூங்காவையும் ஐஐடி வளாகத்தையும் ஒட்டிய வீடுகள், அடையாறு தியசாபிகல் சொசைட்டிப் பக்கம், நன்மங்கலம் காப்புக்காட்டைச் சுற்றி, வண்டலூர் வழி எல்லாம் கொடுத்து வைத்தவை. தி.நகர் நடுவில் இருப்பவர்கள் சோர்ந்துபோக வேண்டாம், பக்கத்தில் ஒரு காலி மனை இருந்தால் போதும். ஆமணக்கும் குப்பைக்கீரையும் எருக்கும் மண்டிய காலி மனைதான் நகரத்தின் அந்துப்பூச்சிப் பண்ணை. ஆமணக்குக் காவடிப்புழுவின் தாயான அக்கேயா ஜனாட்டா, கீரையைத் தின்று வளரும் பழுப்பு நிற வெள்ளைப்பட்டை ஸ்போலேடியா, வெள்ளரிக் குடும்பக் கொடிகளில் வளர்ந்து, முத்து வெள்ளைச் சிறகோடு வால் நுனியில் குஞ்சம் விரிக்கும் டயஃபேனியா எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. ஆங்கில T எழுத்தைப் போல் ஒல்லியாகச் சிறகு நீட்டி உட்காரும் ப்ளூம் மாத்தைக் கொசு என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள்.

பணமே செலவழிக்காமல் ஒரு வழி இருக்கிறது, பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியிலும் கார் நிறுத்துமிடத்திலும் இரவு முழுக்க விளக்கு எரிகிறது. இரவில் வந்த பூச்சிகளில் ஒரு பகுதி அங்கேயே விடியும் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். காலை ஆறு மணிக்கு, ஒட்டடைக் கம்போடு ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வருவதற்குள், மேல் மாடியிலிருந்து கீழ் வரை ஒரு நடை போய் வாருங்கள். பூச்சி அசையாது, வெளிச்சம் மென்மையாக இருக்கும், நிறம் சரியாக விழும். முதன்முதலில் தொடங்குகிறவர்களுக்கு எந்த விளக்கையும்விட இதைத்தான் சொல்வேன். இரவுக் கூட்டத்தின் பரபரப்பு இதில் கிடையாது, அவ்வளவுதான்.

கொசுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பால்கனியில் கொசு மெஷினோ சுருளோ வைத்தால் அது நம் பூச்சிகளையும் பாதிக்கும். முழுக்கை சட்டையே நல்லது. முழுக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் விளக்குக்கு வருகிறவற்றில் ஆரஞ்சும் கருப்புமாக, எறும்பு மாதிரி நீளமான பேடரஸ் என்ற சின்ன வண்டும் இருக்கலாம். கழுத்தில் ஊர்கிறதே என்று நசுக்கினால் அதன் உடல் நீர் பட்ட இடம் தீக்காயமாகச் சிவந்து கொப்பளிக்கும். ஊதித் தள்ளிவிட வேண்டும். ரோமம் அடர்ந்த டஸ்ஸக் வகை அந்துகளையும் வெறுங்கையால் தொடாதீர்கள், சிலருக்கு அரிக்கும்.

எந்த இரவு?

இதற்கு ஒப்பீடே தேவையில்லை. அமாவாசையை ஒட்டி, மேகம் மூடி, புழுக்கமாக, காற்றில்லாமல் இருக்கும் இரவு. பௌர்ணமி நிலவில் எந்த விளக்கும் எடுபடாது. சென்னையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாலை இடிமழை பெய்து ஓய்ந்த பிறகும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் இடைவெளிகளிலும் நல்ல கூட்டம் கிடைக்கும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பினால் அன்று மட்டும் விளக்கை அணைத்துவிடுவதே மேல், வேறு எதையும் பார்க்க முடியாது. தீபாவளி அமாவாசையை ஒட்டி, பருவமழைக் காலத்தில் வருகிறதே என்று சந்தோஷப்பட்டால், புகை எல்லாவற்றையும் விரட்டிவிடும். கார்த்திகை தீபமோ பௌர்ணமியில். கத்திரி வெயிலில் வரத்து சுமார்தான், அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை.

இருட்டிய உடனே சின்னவை வரும், ஒன்பது பத்துக்கு மேல் பெரியவை வரத் தொடங்கும். நள்ளிரவுக்குள் விளக்கை அணைத்துவிடலாம். விடிய விடிய எரிய விட்டால் காலையில் மைனாவும் கரிச்சானும் துணியையே தட்டாக வைத்துச் சாப்பிட்டுப் போகும். அதே காரணத்துக்காகத் தினமும் போடாமல், வாரத்தில் ஓரிரு இரவோடு நிறுத்திக்கொள்வது பூச்சிகளுக்கும் நல்லது, உங்கள் தூக்கத்துக்கும் நல்லது.

இப்போது கேமரா

அந்துப்பூச்சி விஷயத்தில் போனுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பட்டாம்பூச்சி சிறகை மடக்கி, ஆடி அசையும் பூவில் உட்காரும். அந்து பெரும்பாலும் சுவரோடு சுவராகத் தட்டையாக உட்கார்ந்து அசையாமல் இருக்கும். தட்டையான பொருளுக்கு ஆழக் குவியம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், அதிகம் தேவையில்லை, போனின் சின்ன சென்சாரில் அது இயல்பாகவே கூடுதல். ஆகவே, சிறகு விரிப்பு ஓர் அங்குலத்துக்கு மேல் உள்ள பூச்சிகளுக்கு எந்த நடுத்தரப் போனும் போதும். முக்கிய கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று எடுங்கள். கிட்டே கொண்டுபோனால் போனின் நிழலே பூச்சி மேல் விழும்.

சில போன்களில் அல்ட்ராவைட் லென்ஸே மேக்ரோவாக மாறும். ஐபோனில் 2021-இல் வந்த 13 ப்ரோவிலிருந்து இது இருக்கிறது, இரண்டு சென்டிமீட்டர் வரை போகலாம். நன்றாகவே எடுக்கும், நிழல் பிரச்சினைதான் தலைவலி. விலை குறைந்த போன்களில் 'மேக்ரோ கேமரா' என்று இரண்டு மெகாபிக்சலில் தனியாக ஒன்று கொடுத்திருப்பார்கள். அது எண்ணிக்கை காட்டுவதற்காக வைத்தது, மறந்துவிடலாம். அதற்குப் பதில் சில நூறு ரூபாய்க்குக் கிளிப் லென்ஸ் ஒன்று வாங்கினால், ப்ளூம் மாத் போன்ற பொடிசுகளுக்குக் கை கொடுக்கும். ஓரங்கள் மங்கும், பூச்சியை நடுவில் வைத்தால் சரியாகிவிடும்.

கேமரா ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் உடனே மேக்ரோ லென்ஸுக்குத் தாவ வேண்டாம். கிட் லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங் மிக மலிவு, ஆனால் இருட்டில் ஒரு கையில் டார்ச்சோடு போராடுவது எரிச்சல். அதைவிட 55-250 மாதிரி டெலி ஜூம் இருந்தால் அதன் முன்னால் கவ்வும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கி லென்ஸ் பல மடங்கு சௌகரியம். 90, 100 எம்.எம். மேக்ரோ லென்ஸ் என்பது முப்பதாயிரத்தில் தொடங்கி மேலே போகும் சமாசாரம். பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23 மில்லிமீட்டர். ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்போது, அந்த நீளமுள்ள பூச்சி படத்தை முழுசாக நிரப்பும். கண்ணின் முகடுகளும் உணர்கொம்பின் சீப்புப் பற்களும் தெரிய வேண்டும் என்றால் இதற்கு ஈடு இல்லை. எந்த இனம் என்று தெரிந்தால் போதும் என்றால் இது தேவையே இல்லை. நடுவில் ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற கையடக்கக் கேமராக்கள் உண்டு. ஒரு சென்டிமீட்டரில் குவியும், பல படங்களைத் தானே அடுக்கித் தரும், மழைக்கும் பயமில்லை. மழையில் நனையும் இடத்துக்குப் போகிறவருக்குச் சரி, பால்கனிக்கு மட்டும் என்றால் அந்த விலைக்கு ரேனாக்ஸும் ஃப்ளாஷும் சேர்ந்தே வந்துவிடும்.

எதை வைத்து எடுத்தாலும் முதலில் சொன்ன அந்த இரண்டாவது வெளிச்சம்தான் படத்தைத் தீர்மானிக்கும். புற ஊதா விளக்கின் ஊதாவை ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் சரி செய்யாது. பூச்சி உட்கார்ந்து அடங்கியதும் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு வெள்ளை டார்ச்சைப் பிடியுங்கள். டார்ச்சின் முகத்தில் ட்ரேசிங் பேப்பரோ மடித்த டிஷ்யூவோ ஒட்டிவிட்டால் சிறகுச் செதில்களின் பளபளப்பு எரிந்துபோகாது. பக்க வெளிச்சத்தில் ரோமமும் செதில் மேடுகளும் எழுந்து தெரியும். நேரே முன்னிருந்து அடித்தால் எல்லாம் சப்பையாகிவிடும். டிஎஸ்எல்ஆர் என்றால் ஃப்ளாஷுக்கு வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு பெரிய டிஃப்யூசர் செய்துகொண்டு எஃப்/11, 1/200, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கலாம். பருமனான ஹாக்மாத்துக்கு எஃப்/11 நிச்சயம் வேண்டும். மலிவான எல்இடி வெளிச்சத்திலேயே எடுப்பவர்கள் படத்தில் பட்டை பட்டையாக வந்தால் பயப்பட வேண்டாம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் துடிப்பு அது, ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் போய்விடும்.

ஆக, கையில் ஐயாயிரம் இருந்தால் 365 விளக்கு, ஒரு நல்ல டார்ச், கிளிப் லென்ஸ். மிச்சத்துக்கு ஒரு வேட்டி. கேமரா உள்ளவர் அதோடு ரேனாக்ஸையும் ஃப்ளாஷையும் சேர்க்கலாம். மேக்ரோ லென்ஸை ஒரு பருவமழை முடியும் வரை தள்ளிப்போடுங்கள், அதற்குள் உங்களுக்கு இந்தப் பழக்கம் நிலைக்குமா என்பதும் தெரிந்துவிடும். ஒன்று மட்டும், பூச்சியை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மயங்கச் செய்து எடுக்கிறவர்கள் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. அப்படி எடுத்த படத்தில் கால்களின் நிலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விளக்குக்கு வராதவை

பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் யூடோசிமா, சிறகில் பெரிய கண் வரைந்த எரிபஸ் போன்ற பெரியவற்றுக்கு விளக்கைவிடத் தித்திப்புதான் பிடிக்கும். அளிந்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து ஓரிரு நாள் புளிக்க வைத்து மரத்தில் தடவுவது பழைய உத்தி. வெளிநாட்டில் பீர் ஊற்றுவார்கள், கள் ஊற்றலாம் என்றால் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. தோட்டமுள்ள தனி வீட்டுக்கு இது நல்ல வழி. பால்கனியில் செய்தால் முதல் விருந்தாளி கரப்பான், அடுத்தது கட்டெறும்பு. ஃப்ளாட்வாசிகள் விட்டுவிடலாம்.

அரளி ஹாக்மாத்துக்கு வருகிறேன். அதைப் பார்க்க விளக்கைவிட நந்தியாவட்டைச் செடி மேல். இலைகள் காணாமல் போய், கீழே மிளகு மாதிரி எச்சம் கிடந்தால் நிமிர்ந்து பாருங்கள். பின்னால் கொம்பு முளைத்த, முன்பக்கம் இரண்டு நீலக் கண்கள் வரைந்த கொழுத்த பச்சைப் புழு இருக்கும். வலை மூடிய டப்பாவில் தினமும் புது இலை போட்டு, அடியில் கொஞ்சம் மண்ணும் சருகும் பரப்பினால் கூட்டுப்புழுவாகும். சில வாரங்களில் வெளிவரும் புத்தம்புதுச் சிறகை எந்த விளக்கும் கொண்டுவந்து தராது. இரவு விழிக்க முடியாதவர்கள், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பவர்கள் இந்த வழியையே முதலில் எடுக்கலாம்.

பெயர் கண்டுபிடிக்க

உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படத்தை ஏற்றினால் கணினி உடனே ஒரு பெயரைச் சொல்லும், அப்புறம் மனிதர்கள் வந்து திருத்துவார்கள். பெரிய, நிறமுள்ள பூச்சிகளுக்கு அது பெரும்பாலும் சரியாக இருக்கும். பழுப்பு நிறப் பொடிசுகளுக்கு ஏதோ ஒரு பெயரைக் குத்துமதிப்பாக அடித்துவிடும், அங்கே இனப் பெயரைத் தவிர்த்துக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' இணையதளம் வேறு மாதிரி: சரிபார்த்த படங்கள், இந்தியாவில் எங்கெங்கே கிடைத்தது என்ற விவரம். தானாகப் பெயர் சொல்லாது, நீங்கள்தான் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அதில்தான் கண் பழகும். இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்து இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றை உடல் உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்காமல் பிரிக்கவே முடியாது. ஆகவே பெயர் கிடைக்காத படம் வீண் என்று அழித்துவிடாதீர்கள்.

எதில் ஏற்றினாலும் ஒரு பூச்சிக்கு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர் மேலிருந்து சிறகு முழுதும் தெரிய ஒன்று, பக்கவாட்டில் முகம் தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்து ஒன்று. ஜூலை கடைசி வாரத்தில் 'தேசிய அந்துப்பூச்சி வாரம்' என்ற பெயரில் உலக அளவில் ஒரு நிகழ்வு நடக்கும். 2012-இல் அமெரிக்காவில் தொடங்கியது, இந்தியாவிலும் நிறையப் பேர் கலந்துகொள்கிறார்கள். அந்த வாரத்தில் ஏற்றும் படங்களை நிபுணர்கள் அதிகம் பார்ப்பார்கள், பெயர் சீக்கிரம் கிடைக்கும். அதற்குள் விளக்கு வந்து சேர வேண்டுமானால் ஜூன் மாதமே ஆர்டர் போட்டுவிடுங்கள்.